மூணாவது ஸ்டூலுக்கு ஊத்துற விதம்

இல்லண்ணே, குனிஞ்சு வராதீங்க, தலை இடிக்கும். அந்தப் பலகையத் தூக்குங்க. மேல மடங்கும் பாருங்க. ஆங், அப்படித்தான். உள்ள வந்துட்டு மெதுவா இறக்கி விடுங்க, டமால்னு போட்டீங்கன்னா மேனேஜர் எட்டிப் பாப்பாரு. அவ்ளோதான். இப்ப நீங்களும் உள்ள, நானும் உள்ள. இந்தப் பலகை ஒரு தடவ இறங்கிடுச்சுன்னா கடை மூடுற வரைக்கும் நாம இதுக்குள்ளதான். முன்னால கவுண்டர், பின்னால பாட்டில், அந்த ஓரத்துல ஐஸ் பொட்டி, இந்த ஓரத்துல சிங்க். ரெண்டு கையையும் நீட்டிப் பாருங்க. இடிக்குதுல்ல? நாலு வருஷமா என்னோட சனி ஞாயிறு மொத்தமும் இந்த அகலத்துக்குள்ளதான் போச்சு. பாத்ரூம் போகணும்னா இப்பவே போயிட்டு வந்துடுங்க. அட, சிரிக்கிறதுக்குச் சொல்லலண்ணே, நெஜமாத்தான் சொல்றேன். கூட்டம் வந்துட்டா நகர முடியாது. ஊருக்கெல்லாம் ஊத்திக் குடுத்துட்டு நாம ஒரு வாய் பச்சத் தண்ணி குடிக்க நேரம் இல்லாம நிக்கிற வேலை இது.

ஸ்கூல்ல லேப் அசிஸ்டன்ட்டுன்னு மேனேஜர் சொன்னாரு. கேட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு. கண்ணாடி சாமானப் புழங்கின கை, அளந்து ஊத்திப் பழகின கை, வேற என்ன வேணும். நானும் கிட்டத்தட்ட உங்க வகையறாதான். வார நாள்ல மருந்துக் கடையில நிக்கிறேன். அங்க இருமல் மருந்து, இங்க இது. ரெண்டும் பாட்டில்தான். வாங்க வர்றவங்க மூஞ்சியும் ரெண்டு எடத்துலயும் ஒரே மாதிரிதான் இருக்கும். என்ன, அங்க டாக்டர் சீட்டு எங்கன்னு கேப்போம், இங்க கேக்க மாட்டோம்.

உங்களுக்கு எதுக்குண்ணே சனி ஞாயிறுல இன்னொரு வேலை? ஓ. அண்ணி போயி எவ்வளவு நாளாச்சு? சரி சரி, விடுங்க. நான் கேட்டிருக்கக் கூடாது, எனக்கு வாய் சும்மா இருக்காது. புரியுது. ஸ்கூல் இருந்தா பொழுது போயிடும், லீவு நாள்னா வீடு கடிக்க வரும். ஊர் உலகத்துல எல்லாரும் லீவு கெடைக்காதான்னு தவிக்கிறாங்க, நீங்க உங்க லீவ எவன் தலையிலயாவது கட்டிடலாம்னு வந்திருக்கீங்க. நல்லது. என் தலையில கட்டுங்க, நான் வாங்கிக்கிறேன்.

நானா? நான் எப்படி வந்தேன்னா, வாசல்ல ஆள் தேவைன்னு போர்டு வெச்சிருந்தாங்க, பாத்தேன், வந்தேன். அவ்ளோதான். அதுல கதையெல்லாம் ஒண்ணும் இல்ல. எல்லாரும் இதையேதான் கேக்குறாங்க, பொம்பளப் புள்ள இந்த வேலைக்கு எப்படி வந்துச்சுன்னு.

அந்தக் கடிகாரத்தையே பாக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. ஆறு மணிக்கு எனக்கு பஸ். இந்த ஊர விட்டே போறேன். ஆமாண்ணே, இன்னிக்கேதான். அந்தா, சிங்க்குக்குக் கீழ இருக்கே பை, அது என்னோடதுதான். எங்கம்மாவே துணியெல்லாம் மடிச்சு வெச்சுக் குடுத்தாங்க. போன வருஷம் இந்த ஐஸ் மெஷின் மக்கர் பண்ணிச்சு, ரிப்பேர் பாக்க ஒருத்தர் வந்தாரு. ஒரு தடவையில முடிய வேண்டிய ரிப்பேர நாலு தடவ வந்து பாத்தாரு. அப்புறம் தெரிஞ்சுது, மெஷின்ல ஒரு கோளாறும் இல்லன்னு. என்னத்தச் சொல்ல, சிரிக்காதீங்க. அவருக்கு இப்ப வேற ஊர்ல நல்ல வேலை. அங்க ஒரு ஆஸ்பத்திரி மருந்துக் கடையில எனக்கும் பேசி வெச்சிருக்காரு, திங்கக்கிழமை சேரணும். இதுக்கு முன்னால ரெண்டு தடவ கெளம்புறேன்னு சொல்லிட்டு நான் போகல. ரெண்டு தடவையும் அவரு பஸ் ஸ்டாண்டுல நின்னு நின்னு பாத்துட்டு டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுட்டுப் போயிட்டாரு. இந்தத் தடவயும் நீ வரலன்னா நான் புரிஞ்சுக்குறேன்னு நேத்து சொன்னாரு. திட்டியிருந்தாக்கூடத் தேவல. புரிஞ்சுக்குறேன்னு ஒரு ஆம்பள சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும்ல.

அம்மா சம்மதிச்சுட்டாங்க. அப்பாவா? அப்பாகிட்ட... சொல்லணும். அண்ணே, அந்த ஐஸ் பொட்டி மூடி தெறந்தே கெடக்கு பாருங்க, மூடுங்க, உருகிடும்.

மேனேஜர் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டிருக்காரு. உன் எடத்துல ஒரு ஆளக் காட்டிட்டு நீ எங்க வேணா போம்மான்னு. நீங்கதான் அந்த ஆளு. அதனால கொஞ்சம் வேகமாச் சொல்றேன், காதக் குடுத்துக் கேளுங்க.

இந்தா, இந்த ரெண்டு தலை இருக்குற கப்பு. பெரிய தலை லார்ஜ், சின்னத் தலை ஸ்மால். கண்ணால பாத்து ஊத்துற வேலையே இங்க வேணாம். படத்துல எல்லாம் பாட்டிலத் தலைக்கு மேல தூக்கி ஊத்துவாங்க, அதெல்லாம் நமக்கெதுக்கு. கப்பு விளிம்பு வரைக்கும், ஒரு சொட்டு மேலயும் போகாம, கீழயும் நிக்காம. இதுல நான் உங்களுக்குச் சொல்லிக் குடுக்க ஒண்ணும் இல்ல, நீங்க ஆசிட்டையே அளந்தவரு. முதல்ல ஐஸ், அப்புறம் சரக்கு, அப்புறம் சோடா. கிளாஸோட வாய்ப்பக்கத்துல விரல் படவே கூடாது, அடிப்பக்கத்தப் பிடிச்சுத்தான் வைக்கணும். ஐஸ கிளாஸால அள்ளக் கூடாது. அள்ளினா கிளாஸ் ஒடைஞ்சாலும் தெரியாது, துண்டு ஐஸோட ஐஸா கலந்துடும். அப்புறம் பொட்டி மொத்தத்தையும் கொட்டிக் கழுவணும். ஒரு தடவ கழுவியிருக்கேன், போதும்டா சாமின்னு ஆயிடுச்சு.

நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன், நீங்க அதுக்குள்ள பாட்டிலெல்லாம் தொடச்சு அடுக்க ஆரம்பிச்சுட்டீங்க. இதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. சொல்லாமயே கை வேலைக்குப் போகுது பாருங்க. உங்களுக்கு முன்னால வந்தவன் இருக்கானே, அவன் ஃபோன்ல பாத்துக் கத்துக்கிட்டு வந்தவன். பாட்டிலச் சுத்திச் சுத்தித் தூக்கிப் போட்டுப் பிடிப்பான். ரெண்டு தடவ பிடிச்சான். மூணாவது தடவ அந்தக் கண்ணாடி. அந்த விரிசல் தெரியுதுல்ல, அவன் குடுத்த நெனவுப் பரிசுதான் அது. அதுக்கும் முன்னால ஒரு அக்கா வந்தாங்க, தங்கமான மனசு. மனசுதான் பிரச்சினையே. கஸ்டமர் அழுதா இவங்களும் அழுவாங்க. ஒருத்தன் பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டான்னு சொன்னதுக்கு இவங்க அவன் கையப் பிடிச்சுக்கிட்டு, விடுப்பா தம்பி விடுப்பான்னு... அவன் அடுத்த வாரம் பூ வாங்கிட்டு வந்துட்டான். அதோட ஓடினவங்கதான்.

நீங்க இளகின மனசா? பாத்தா அப்படித்தான் தெரியுது. பரவால்ல, வெளிய காட்டாம இருந்தாப் போதும். இங்க நம்ம மூஞ்சி ஒரு செவுரு மாதிரி இருக்கணும். அவங்க பேசுவாங்க, நாம கிளாஸ் தொடைக்கணும். அப்படியான்னு ஒரு வார்த்தை, அடடான்னு ஒரு வார்த்தை, இது ரெண்டும் போதும், நாலு வருஷம் ஓட்டிடலாம். போதும்னு சொல்ற நேரம் வந்துட்டா, போதும்னு சொல்லக் கூடாது. இருங்க சார், எடுத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டு ஒரு பெரிய கிளாஸ்ல தண்ணி கொண்டாந்து வைங்க. அதக் குடிக்கட்டும். அப்புறம் அந்தப் பக்கம் போயிடுங்க. திரும்பி வர்றதுக்குள்ள அவங்களே பில்லக் கேப்பாங்க. சண்டை போட்டு யாரையும் கெளப்ப முடியாதுண்ணே.

குடிப்பீங்களா நீங்க? ஒரு தடவகூட இல்லயா? சின்ன வயசுல கூட? அட, பீர் ஒரு வாய் எல்லாம் கணக்குல சேராது. அப்ப சரி. குடிக்காதவங்கதான் இந்த வேலைக்கு லாயக்கு. இன்னொரு கேள்வி, தப்பா எடுத்துக்காதீங்க. மூஞ்சி மாறாமப் பொய் சொல்ல வருமா? ஸ்கூல்ல இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தா என்ன சொல்வீங்க? ஆ, அது போதும், அது போதும். அந்த அளவுக்குத் தெரிஞ்சாலே தாராளம்.

ஏன் கேக்குறேன்னா, இதுவரைக்கும் சொன்னதெல்லாம் வேலை இல்ல. அத யாரு வேணா ஒரு வாரத்துல கத்துக்கலாம். இப்பச் சொல்லப் போறேன் பாருங்க, இதுதான் வேலை. இதுல மட்டும் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு இருக்கணும்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் வரிசை இருக்குல்ல, அதுல மூணாவது. அதுல ஒரு பெரியவர் வந்து உக்காருவாரு. சனிக்கிழமை மட்டும். கடை தெறந்த கொஞ்ச நேரத்துல வந்துடுவாரு, கட்டம் போட்ட சட்டை, தோள்ல ஒரு துண்டு. பெரிய ஆபீஸ் ஒண்ணுல லிஃப்ட் ஓட்டினவரு, இப்ப ரிட்டயர்டு. வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து அந்தப் பொட்டிக்குள்ளயே ஸ்டூல் போட்டு உக்காந்து மேல போயி கீழ வந்து, மேல போயி கீழ வந்து. எங்கயும் போய்ச் சேராத பிரயாணம்னு அவரே சொல்வாரு. வந்து உக்காந்ததும் பிராந்தி லார்ஜ் கேப்பாரு. அப்புறம் இன்னொண்ணு கேப்பாரு. அதுக்கு மேல கேக்க மாட்டாரு.

அவருக்கு மேல் தட்டுல இருந்து ஊத்தக் கூடாது. எந்த நெலமையிலயும் கூடாது. கீழ் தட்டுல, ஜூஸ் பாட்டிலுக்குப் பின்னால, அதே பிராந்தி பாட்டில் ஒண்ணு இருக்கும். அதே லேபிள், அதே மூடி. கழுத்துல மட்டும் ஒரு ரப்பர் பேண்ட் போட்டிருக்கேன். எடுத்துக் காட்டலாம்னா கையெல்லாம் எலுமிச்சம்பழச் சாறு. நீங்களே அப்புறம் பாத்துக்கோங்க. அதுல இருக்குறது டீ. பால் இல்லாத டீ, கொஞ்சம் கருக்கின சக்கரை, தொண்டையில எரியறதுக்கு ரெண்டு சொட்டு இஞ்சிச் சாறு. வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுல காய்ச்சி, துணியில வடிகட்டி, ஆற வெச்சு எடுத்துட்டு வருவேன். கலர் ஒத்து வர்றதுக்கே எத்தன வாரம் பாடுபட்டிருப்பேன் தெரியுமா. ஊத்துறதுக்கு முன்னால நெஜ பிராந்தி பாட்டிலோட மூடியத் தெறந்து, அந்த மூடியக் கிளாஸோட வெளிப்பக்கம், அடியில மட்டும் லேசாத் தேச்சு விடுங்க. உள்பக்கம் படக் கூடாது. மூக்குக்கு வாசனை, வாய்க்கு டீ. அம்புட்டுதான்.

என்னண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு? பயப்படாதீங்க. ஏமாத்துறதா? ஏமாத்துறதுதான், நான் ஒண்ணும் இல்லங்கல. ஈரல் போயிடுச்சு அவருக்கு. இனிமே ஒரு சொட்டு உள்ள போனாலும் என்கிட்டக் கூட்டிட்டு வராதீங்கன்னு டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. வீட்டுல இருக்கச் சொன்னா இருப்பாரா? சத்தியம் பண்ணுவாரு, ரெண்டு நாள் பல்லக் கடிச்சுக்கிட்டு இருப்பாரு, மூணாவது நாள் ஏதாவது ஒரு கடை வாசல்ல கெடப்பாரு. அப்புறம்தான் அவரு வீட்டுல ஒரு பேச்சு பேசி முடிச்சாங்க. குடிக்கிறதுன்னா குடிங்க, வாரத்துல ஒரு நாள், இந்தக் கடையில மட்டும், ரெண்டே ரெண்டு. வேற எங்கயும் போகக் கூடாது. அவரும் சரின்னுட்டாரு. மேனேஜருக்குத் தெரியும், நல்ல மனுஷன், கண்டும் காணாம விட்டுட்டாரு. ஆனா ஊத்துற கை சரியா இருக்கணும். ஒரு நாள் ஒரு தப்பு நடந்தா அம்புட்டும் போச்சு.

கண்டுபிடிக்க மாட்டாராவா? நீங்க கேக்குறது நியாயம்தான். நானும் முதல் நாள் பயந்துக்கிட்டேதான் ஊத்தினேன். ஒரு வாய் குடிச்சாரு. என்னப் பாத்தாரு. கிளாஸப் பாத்தாரு. சரக்கு நல்லா இருக்கும்மான்னாரு. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. அவரு சாப்பிடுற மாத்திரைக்கு நாக்குல ருசி செத்துப்போயிடும், நான்தான் தெனமும் அந்த மாத்திரை எல்லாம் விக்கிறேனே, எனக்குத் தெரியாதா. அத விட வேடிக்கை, ரெண்டாவது கிளாஸ் முடிஞ்சா மனுஷனுக்கு ஏறிடும். நெஜமாத்தாண்ணே. டீயக் குடிச்சிட்டு நாக்கு குளறும், கண்ணு சொக்கும், எந்திரிச்சு நடந்தா காலு பின்னும். மனசுதான் போதை, சரக்கு சும்மா ஒரு சாக்குன்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது.

நல்லாப் பேசுவாரு. லிஃப்ட் கதைதான் எல்லாம். ஒரு தடவ கரண்டு போயி லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சாம். உள்ள ரெண்டு ஆபீசருங்க. வருஷக்கணக்கா ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காதவங்க. இவரு நடுவுல ஸ்டூல்ல. கரண்டு வந்து கதவு தெறந்தப்ப ரெண்டு பேரும் தோள்ல கை போட்டுக்கிட்டுப் போனாங்களாம். இந்தக் கதைய எத்தன தடவ சொல்லியிருக்காருன்னு எனக்குக் கணக்கே இல்ல. ஒவ்வொரு தடவையும் உள்ள அவங்க என்ன பேசிக்கிட்டாங்கங்கிறது மட்டும் மாறிக்கிட்டே இருக்கும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அப்படியா சார், அடடா சார். நீங்களும் அதே மாதிரி கேளுங்க. அவருக்கு அது போதும்.

சரி, நேரமாச்சு. லைட்டப் போடுறேன். மேனேஜர் கதவத் தெறந்துட்டாரு பாருங்க. நேரா நில்லுங்கண்ணே, பரீட்சை எழுதப் போற மாதிரி நிக்காதீங்க. கைய எங்க வைக்கிறதுன்னு தெரியலன்னா ஒரு கிளாஸும் துணியும் எடுத்துக்கோங்க, எல்லாரும் அப்படித்தான்.

வந்துட்டாரு. அந்தாளுதான். பாக்காத மாதிரி இருங்க.

வாங்க சார். வெளிய வெயில் எப்படி? இன்னும் அடங்கலயா. உக்காருங்க, துண்ட இப்படிக் குடுங்க, கவுண்டர் ஈரமா இருக்கு. முட்டி வலி தேவலயா? காலையில மாத்திர போட்டீங்களா சார்? போட்டேன்னு சொல்லுங்க, தலைய மட்டும் ஆட்டாதீங்க. இவரா? புது ஆளு சார். இன்னிக்கு உங்களுக்கு இவருதான் ஊத்துவாரு. நல்ல ஆளுதான், என்ன விட நல்லா அளப்பாரு. நானா? நான் இங்கதான் சார் இருக்கேன், எங்க போகப் போறேன்.

அண்ணே, சாருக்கு ஒரு லார்ஜ். தெரியும்ல. நான் அந்தக் கடைசியில வந்திருக்காங்களே ஒரு ஜோடி, அவங்கள என்னன்னு கேட்டுட்டு வந்துடுறேன். லெமன் சோடாவா இருக்கும். மெதுவா மூச்ச விட்டுட்டு ஊத்துங்க.

முடிஞ்சுதா? லெமன் சோடாவேதான், ஒண்ணு உப்பு, ஒண்ணு இனிப்பு. என்ன, ஊத்திட்டீங்களா? ஏன் நீங்க இப்படி வேர்த்துக் கொட்டுறீங்க? இந்தப் பக்கம் வாங்க. சிங்க்குகிட்ட வாங்க. தண்ணியத் தெறந்து விடுங்க, சத்தத்துல அவருக்குக் கேக்காது. சொல்லுங்க.

எந்த பாட்டில்? ஐயோ அண்ணே. ரப்பர் பேண்ட் போட்டதுன்னு சொன்னேனே. கழட்டிட்டீங்களா? எப்ப? ஆரம்பத்துலயே... நான் பேசிக்கிட்டிருந்தப்பவா. லேபிள் ஒண்ணா இருக்குன்னு மேல் தட்டுல அதுங்களோட சேத்து வரிசையா அடுக்கிட்டீங்க. லேப் புத்தி. ரப்பர் பேண்டு அசிங்கமா இருந்துச்சுன்னு அதையும் எடுத்துட்டீங்க. சரி, நான் சொன்னப்பவே அத வாயத் தெறந்து சொல்லியிருக்கலாம்ல? கூச்சமா இருந்துச்சா. கூச்சப்பட்டுக்கிட்டுக் குருட்டாம்போக்குல ஒண்ண எடுத்து ஊத்திட்டீங்க. குடிச்சுட்டாரா? அத மட்டும் சொல்லுங்க. எவ்வளவு குடிச்சாரு?

குடிக்கலயா.

இருங்க, முதல்ல இருந்து சொல்லுங்க. நீங்க வெச்சீங்க. அவரு எடுத்தாரு. மூக்குக்கிட்டக் கொண்டு போனாரு. அப்புறம்? ஒரு வாய் கூட இல்ல? கீழ வெச்சுட்டாரு. வெச்சுட்டு, உங்களக் கிட்டக் கூப்பிட்டாரு. கூப்பிட்டு?

டீ பாட்டில எங்க வெச்சீங்கன்னு கேட்டாரா.

டீன்னு சொன்னாரா? அவரு வாயால? உங்களுக்கு நல்லாக் கேட்டுச்சா? நீங்களா ஒண்ணும் ஒளறலயே? சரி. நீங்க என்னத்த ஒளறப் போறீங்க, உங்களுக்குத்தான் வாயே வராதே. வேற என்ன சொன்னாரு? முழுசாச் சொல்லுங்க, எதையும் விடாதீங்க. அந்தப் பொண்ணு திரும்பறதுக்குள்ள மாத்திடுங்க தம்பி, பாத்தா மனசு ஒடஞ்சு போயிடும்... அது ராவெல்லாம் உக்காந்து காய்ச்சி எடுத்துட்டு வருதுன்னாரா.

அந்தக் கிளாஸ எடுத்துட்டு வந்தீங்களா? குடுங்க இப்படி. விளிம்பு வரைக்கும் இருக்கு. ஒரு பொட்டுக் கொறையல. முப்பது வருஷம் குடிச்சவருண்ணே. கைக்கு வந்தத வேணாம்னு தள்ளி வெச்சிருக்காரு. நான் அந்த ஓரத்துல நின்னு எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கிட்டிருக்கேன்.

மாத்திரைக்கு நாக்கு செத்துப்போயிடும்னு நான்தான் முடிவு பண்ணினேன். எந்த டாக்டரும் சொல்லல. நாலு வருஷம். அவரு காதுல பூ சுத்துறேன்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். அவரு என்னடான்னா, வசதியாச் சுத்திக்கோன்னு காதக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. அந்தத் தள்ளாட்டம் எல்லாம்? கால் பின்னினதெல்லாம்? கைத்தாங்கலாப் பிடிச்சு நடத்திட்டுப் போயிருக்கேண்ணே நான் அவர. என் மேல பாரத்தப் போட்டுக்கிட்டு நடப்பாரு. எம்மாடி, என்ன நடிப்பு. எனக்குக் கோவமா வருதா என்ன வருதுன்னே தெரியல. தண்ணிய நிறுத்துங்க, சும்மா போகுது.

என்ன சொல்றீங்க? நல்லதாப் போச்சா? குடிக்கிறத விட்டுட்டாரு, இனிமே பயமில்ல, நீ நிம்மதியாக் கெளம்பும்மாங்கறீங்க. நானும் அதத்தான் முதல்ல நெனச்சேன். பையத் தூக்கக் குனிஞ்சுட்டேன் கூட. ஆனா அப்படி இல்லண்ணே. குடிக்கிறவரா இருந்தா உங்ககிட்ட விட்டுட்டுப் போயிருப்பேன். பாட்டில மாத்தி ஊத்துறதுக்கு யாரு இருந்தாலும் போதும், உங்களுக்கு ஒரு வாரத்துல பழகிடும். ஆனா அவரு பாட்டிலுக்காக வரலயே. வெறும் டீயக் குடிச்சுட்டு, போதை வந்த மாதிரி ஆடிக் காட்டி, கேட்ட கதையவே திரும்பச் சொல்லிக்கிட்டு, நாலு வருஷமா ஒரு மனுஷன் எதுக்கு இங்க வந்து உக்காரணும்? நான் ஊத்துறேன்னு வர்றாரு. நான் போயிட்டா அடுத்த சனிக்கிழமை அவருக்கு இங்க என்ன வேலை? இங்க வேலை இல்லன்னா அப்புறம் எங்க போவாரு? தெரு முனையில ஒரு கடை இருக்கு, அங்க ஊத்துறவன் நெஜத்தத்தான் ஊத்துவான்.

அவரப் பிடிச்சு வெச்சிருக்கோம்னு ஒரு தைரியத்துல இருந்தேன். என்னத்தப் பிடிச்சு வெச்சேன். இந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நான், அவ்வளவுதான் வித்தியாசம்.

யாரு? ஓ. நான் சொல்லல இல்ல. கஸ்டமரெல்லாம் இல்லண்ணே. எங்கப்பா.

ஆமா. போர்டெல்லாம் ஒண்ணும் வைக்கல யாரும். சனிக்கிழமையானா இவரத் தேடிக் கூட்டிட்டுப் போக வருவேன், உள்ள வரக் கூசிக்கிட்டு வாசல்லயே நிப்பேன். ஒரு நாள் மேனேஜர் பாத்துட்டு, ஏம்மா மழையில நிக்கிற, உள்ள வந்து கிளாஸாவது கழுவுன்னாரு. அப்படி வந்தவதான். அப்பன் குடிக்கிறதுக்குப் பொண்ணு ஊத்துதுன்னு நாலு பேரு பேசக் கூடாதுன்னு இங்க சார்னு கூப்பிட ஆரம்பிச்சேன். வீட்டுல நாங்க பேசிக்கிறதில்ல. நான் பள்ளிக்கூடம் போற காலத்துல இருந்தே இல்ல. சோறு வேணும்னாக்கூட எங்கம்மா மூலமாத்தான் கேப்பாரு. இங்க சார்னு கூப்பிட்டா பேச வருது. அவருக்கும் வருது.

ஃபோனா? தெரியும், பஸ் ஸ்டாண்டுல இருந்து அவராத்தான் இருக்கும், மணி ஆறு ஆகப் போகுதுல்ல. அடிக்கட்டும். இல்ல, எடுக்கல. எடுத்து என்னத்தச் சொல்றது, எங்கப்பா டீ குடிக்கிறாரு அதனால வர முடியலன்னா?

அந்த நல்ல பாட்டில, அதான், டீ பாட்டில, மேல் தட்டுல இருந்து எடுத்துக் குடுங்க. எதுன்னு மோந்து பாத்துக் குடுங்க. நான் ஊத்திக்கிறேன். கேட்டா, புது ஆளு பாட்டில மாத்தி எடுத்துட்டாரு சார், இது பழைய சரக்கு, இதக் குடிங்கன்னு சொல்லிடுறேன். நீங்க அவருகிட்ட ஒண்ணும் காட்டிக்காதீங்க. அவருக்குத் தெரியும்கிறது எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு மட்டும் அவருக்குத் தெரியவே கூடாது. அப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணும் இருக்காது.

இதோ வர்றேன் சார், ஒரு நிமிஷம்.

உங்க வேலையப் பத்திக் கவலப்படாதீங்கண்ணே, உங்களுக்குக் கை நல்லா வருது. மேனேஜர் கேட்டா ஞாயித்துக்கிழமை மட்டும் வர்றேன்னு சொல்லுங்க. சனிக்கிழமைக்கு ஆளு இருக்கு.